தறிக்குழியில் குட்டி போட்ட பூனை

சரவணா,

நேற்று போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய். "யம்மா, பூனைன்னாலே பத்தடி தள்ளிப் போற பொண்ணு, தெனம் உன்கிட்ட பூனையைப் பத்தியே விசாரிச்சிக்கினு இருக்குது. அப்பா என்னடான்னா என்கிட்ட ரெண்டு வார்த்தை, அவகிட்ட அரை மணி நேரம். இன்னா நடக்குது அந்த வூட்ல?" அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, அடுப்பும் மூட்டவில்லை. போனில் சொல்லித் தீராத கதை என்பதால்தான் அப்படிச் செய்தேன். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா, நான், வித்யா மூன்று பேருமே பேசிவைத்துக்கொண்டோம். இப்போது நீங்கள் இருவரும் பூனாவில் தனிக்குடித்தனம் போய்விட்டீர்கள். இனி மறைத்துவைப்பதில் அர்த்தமில்லை. இன்று அப்பா வெளியே போயிருக்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் அவசரமில்லாத நேரமாகப் பார்த்துப் படி.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முகூர்த்தப் புடவையை நானே நெய்கிறேன் என்று உன் அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். இவ்வளவு வருஷம் ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் நெய்த மனுஷன், தன் மருமகளுக்கு என்று நெய்யப்போகும் ஒரே புடவை. மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கில் கரை என்று மனதுக்குள் வரைந்தே வைத்திருந்தார். அதற்கு வித்யா, "ஒரு நாளைக்குத்தானே மாமா கட்டப் போறேன், அதுக்கு எதுக்கு நீங்க இவ்ளோ கஷ்டப்படணும்?" என்றாள். பல் டாக்டர் ஆயிற்றே, படித்த பெண், மனதில் பட்டதைப் பேசுகிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தபின் அவர் ரசத்தைக்கூடத் தொடவில்லை. நான் கேட்டதற்கு, "வயிறு சரியில்லமே" என்றார். வயிறு இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பூனாவிலிருந்து பேசும்போதெல்லாம் "அப்பாவுக்கு அவளைப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்பாய். பிடிச்சிருக்குது என்று நானும் சொல்வேன். நிஜத்தில் அவர் அவள் பேரையே எடுப்பதில்லை. எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. நாளைக்கு நீங்கள் ஊருக்கு வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்து போகிற வீடாக இது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

ஆனாலும் ஐப்பசி பிறந்ததும் தறியில் மஞ்சள் இழைகளை நீட்டிப் பாவு பூட்டினார். கோபத்தில் பூட்டினாரா, ஆசையில் பூட்டினாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் குழியில் கால் வைத்து நடுவில் நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டு ஓடும் நாடாவைத் தள்ளுவேன். ஒரு முழம்கூட ஏறியிருக்காது, அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. மழை கொட்டிய ஒரு காலையில் தறி ரூமிலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏமே, இங்க ஓடியா. குழியில இன்னாமோ சீறுது." பாம்புதான் என்று நினைத்து நான் கழியை எடுத்துக்கொண்டு ஓடினேன். டார்ச் அடித்துப் பார்த்தால், மிதிபலகைக்குப் பின்னால் ஒரு மூவர்ணப் பூனை. அதன் வயிற்றோடு ஒட்டி மூன்று குட்டிகள், அப்போதுதான் போட்டது. ஈரம்கூடக் காயவில்லை.

பட்டு நெய்கிற வீட்டில் நாய் பூனை அண்டக்கூடாது என்பது உன் அப்பா போட்ட சட்டம். நகம் பட்டால் இழை போச்சு, முடி விழுந்தால் புடவை போச்சு என்பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாய்க்குட்டி வேண்டும் என்று நீ எத்தனை நாள் அழுதாய்! அப்படிப்பட்டவர் வீட்டில், அதுவும் அந்தப் புடவைக்குக் கீழேயே ஒரு பூனை குடித்தனம் வைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "ஒரு சாக்குல போட்டு மார்க்கெட்டாண்ட விட்டுட்டு வந்துடு நைனா. மீன் தலை தின்னு பொழச்சிக்கும்" என்றார். சாக்கை எடுத்து வரட்டுமா என்று நானும் கேட்டேன். கல்யாணத்துக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறதே என்கிற கவலை எனக்கு. அப்பா குழி ஓரத்தில் குந்தியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "பெத்து போட்டவளை மழையில தள்ளிட்டு வந்து, மருமவளுக்கு மஞ்சப் புடவை நெய்யச் சொல்றியா? கை வருமா எனக்கு?" அதற்குப் பிறகு சாக்குப் பேச்சே இல்லை. பாவின்மேல் பழைய வேட்டியைப் போர்த்தினார், மிதிபலகையைத் தூக்கிக் கட்டினார், குழிக்குள் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தார். தறி நின்றது.

சரவணா, உன் அப்பா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஜுரம் வந்தால்கூட நூல் சிக்கெடுத்துக்கொண்டுதான் படுத்திருப்பார். அந்த மனுஷன் வேலையில்லாமல் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். கடைசியில் சமையல்கட்டுக்கு வந்து சேர்ந்தார். நீ வாங்கிக்கொடுத்த ஓவனில் நான் தெருப் பிள்ளைகளின் பிறந்த நாளுக்குக் கேக் செய்து கொடுப்பது உனக்குத் தெரியும். அப்பா அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாக மாவு உப்புவதைச் சினிமா மாதிரி பார்ப்பார். முதல் நாள் ஆர்வம் தாங்காமல் பாதியில் கதவைத் திறந்துவிட்டார். கேக் நடுவில் அப்படியே குழிந்து உட்கார்ந்துவிட்டது. "இன்னாமே, பந்தல் சரிஞ்சா மாதிரி சரிஞ்சிடுச்சு" என்று அவர் முழித்த முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குழிந்த இடத்தில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ரொப்பி இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்புறம் ஒரு நாள் கோயில் இட்லிக்குப் போடுகிற மாதிரி மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தட்டிப்போட்டு உப்பு கேக் ஒன்று செய்தேன். ஒரு துண்டு வாயில் போட்டவர், "இட்லிக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டி வுட்ட மாதிரி இருக்குது" என்றார். ஆனால் பாதிக் கேக்கை அவரே காலி செய்தார்.

மீந்த பட்டு நூலைச் சுற்றி நான் வளையல் செய்வேன் அல்லவா, அதையும் கையில் எடுத்தார். என் வளையலில் நூல் அங்கங்கே மேடு தட்டும். அவர் சுற்றினால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த வளையல்களை உன் ஆபீஸ் பெண்கள் "எந்தக் கடையில வாங்கினீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார்களே, எல்லாம் அந்த மழைநாட்களில் உன் அப்பா சுற்றியவை. தீபாவளிக்கு நீ லீவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வரவில்லை. அன்று விடிகாலையில் அவர் தெருவில் இறங்கி, "டேய் பசங்களா, வெடியை அந்தக் கோடியில போய் வையுங்கடா, எங்க வூட்ல பச்சை உடம்புக்காரி இருக்கா" என்றார். எல்லாரும் யாருக்குக் குழந்தை பிறந்தது என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் எனக்கு உதறல்தான். கடையில் ஒரு நல்ல புடவையாக எடுத்துவிடலாம், அந்தப் பெண்ணும் அதைத்தானே சொன்னாள் என்று ஒரு நாள் சொல்லியேவிட்டேன். அவர் கொல்லைப் பக்கம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மழையில் நனைந்துகொண்டிருந்த செடிக்கு!

குட்டிகள் கண் திறந்தன. மெல்ல நடை பழகின. கார்த்திகை பிறந்த சில நாளில் தாய்ப்பூனையே ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய், சமையல்கட்டில் விறகு அடுக்கும் மூலையில் குடியேறிவிட்டது. அன்றைக்கே அப்பா குழியைக் கழுவிச் சாம்பிராணி போட்டு நெய்ய உட்கார்ந்தார். விட்ட நாளையெல்லாம் பிடிக்கிற வேகம். விளக்கு வைக்கும் வரை நாடா ஓடும். உடல் ஏறக்குறைய முடிந்துவிட்டது, முந்தானைதான் பாக்கி என்ற நிலையில், மார்கழி பிறந்தால் பத்திரிகை வைக்க முடியாதே என்று ஒரு காலையில் தென்னேரி உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் வித்யா வீட்டிலும் ஏறி இறங்கினோம். அளவு ஜாக்கெட்டை நம் தெரு டெய்லரிடம் தானே கொடுத்துவிட்டு அப்படியே கிளினிக்குக்குப் போகிறேன் என்று அவளும் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள்.

வீட்டைத் திறந்து உள்ளே போனால் தறி ரூம் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. போர்த்திய வேட்டி கீழே விழுந்திருந்தது. மூன்று குட்டிகளில் துடியான செம்பட்டைக் குட்டி, பாவின் நடுவில் வலையில் விழுந்த மீன் மாதிரி தொங்கிக்கொண்டு கத்தியது. அது உதைத்த உதையில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் இழைகள் அறுந்து தலைவிரி கோலமாகக் கிடந்தன. அப்பா போய்க் குட்டியைப் பிடித்து, அதன் நகத்தில் மாட்டிய நூலை ஒவ்வொன்றாக விடுவித்துக் கீழே விட்டார். பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். அந்தக் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டது நானா, அவரா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இழை ஒட்டியிருக்காது, சண்டைதான் ஒட்டியிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கேஸ் அணைக்காமல் போவீர்கள், சாவியைத் தொலைப்பீர்கள், பால் திரிந்துபோகும். யார் செய்தது என்று தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று பார். அதற்குள் தேடுகிற ஆசையே போய்விடும்.

அன்று அப்படி முதலில் பார்த்தது வித்யாதான். வாசலிலேயே நின்றவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். "மாமா, இதை ஒட்ட முடியுமா?" என்று கேட்டாள். "முடியும்மா. ஒவ்வொரு இழையா எடுத்து, புது நூல் வெச்சு முறுக்கணும். கண்ணு தெரியணுமே. சாயங்காலம் ஆனா எனக்கு மசமசன்னு இருக்குது" என்றார். அவள் வெளியே போனாள். ஸ்கூட்டி டிக்கியிலிருந்து தன் கிளினிக் பெட்டியோடு வந்தாள். கிளினிக்கில் தன் பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, "டாக்டர், இன்னிக்கு எனக்கு லேட் ஆகும், வூட்ல ஒரு எமர்ஜென்சி" என்றாள். கவனித்தாயா, 'மாமியார் வீடு' என்றுகூடச் சொல்லவில்லை. பல் பார்க்கும்போது நெற்றியில் மாட்டிக்கொள்கிற பூதக்கண்ணாடியும் விளக்கும் மாட்டிக்கொண்டு, கையில் சின்ன இடுக்கியோடு பாவின் அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அறுந்த முனையை அவள் இடுக்கியால் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். அப்பா விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கி ஒட்டுவார். முதல் பத்து இழை தடுமாறியது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிட்டார்கள். "பல்லு புடுங்குற கை மாதிரி இல்லையேம்மா, பூ தொடுக்கிற கை மாதிரி இருக்குது" என்றார் அப்பா. அவர் அவளிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்போது அந்தச் செம்பட்டைக் குட்டி, தான் செய்த காரியத்தைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் நடந்து வந்து, வித்யாவின் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. அவளுக்குப் பூனை என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியுமே! முகம் வெளிறிவிட்டது. இரண்டு கையிலும் இழை. விட்டால் ஒட்டியதெல்லாம் போய்விடும். "அத்தை... அத்தை..." என்று மூச்சுக்காற்றில் கூப்பிட்டாள். நான் எழுந்து வருவதற்குள், "வேணாம் அத்தை, தூக்காதீங்க, நகத்தை மாட்டிடப் போவுது. இருக்கட்டும்" என்று கண்ணை ஒரு தரம் மூடித் திறந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மடியில் அது குர்குர் என்று சத்தம் போட்டுக்கொண்டே தூங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மாமா, நிச்சயத்தன்னிக்கு நான் சொன்னது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

நான் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். இல்லம்மா என்று மழுப்புவார் என்று நினைத்தேன்.

"இருந்துச்சும்மா" என்றார். "சோறு இறங்கல."

"எனக்குப் புடவை கட்டவே தெரியாது மாமா. வேலைக்கு எப்பவும் சுடிதார்தான். அவ்ளோ கனமான பட்டைக் கட்டிக்கினு, எல்லார் எதிர்லயும் மணவறையில தடுக்கி வுழுந்துடுவேனோன்னு பயம். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் என்னமோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அப்பா கையில் இருந்த இழையை விடாமல் அப்படியே அவளைப் பார்த்தார். "அவ்ளோதானா? இதுக்கா நான் ரெண்டு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். மடி குலுங்கியதும் குட்டி முழித்து ஒரு கொட்டாவி விட்டது. சிரிக்கும்போதே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சரவணா. அவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த கல் அந்த மத்தியானம்தான் இறங்கியது.

மனதில் வைத்திருக்கும் பயம் வெளியே வரும்போது பயமாக வராது, அலட்சியம் மாதிரிதான் வரும். இதை உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீயும் பயந்தால் சுள்ளென்று விழுகிறவன்தான். வித்யா என்றைக்காவது சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை விட்டால், அதற்குப் பதில் சொல்லாதே. இவள் எதற்கோ பயப்படுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார். நீயும் உன் பயத்தைப் பயம் என்றே அவளிடம் சொல். அதனால் உன் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசி இழையும் ஒட்டியாயிற்று. "அவன்கிட்ட சொல்லாதம்மா, கல்யாண நேரத்துல கலங்கிடுவான்" என்று அப்பா கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வந்துவிடுவாள். மார்கழிக் கோலத்துக்கு நான் புள்ளி வைத்தால் அவள் கலர் ரொப்புவாள். அப்புறம் என் பழைய புடவைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, தறி ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்து பழகுவாள். அப்பா குழியில் உட்கார்ந்தபடியே, "கொசுவம் இறங்குது பாரு, காலை எடுத்து வெச்சு நட, பயப்படாத" என்பார். நம் உப்பு கேக்கில் கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு அதை இன்னும் ஒரு படி மேலே ஏற்றியது அவள்தான். மார்கழி முடிவதற்குள் புடவை தறியிலிருந்து இறங்கியது. ஒட்டிய இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விரலால் தடவினால் மட்டும் லேசாகச் சொரசொரக்கும். மடிப்புக்குள் மறைகிற மாதிரி கட்டிவிடு என்று அப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வித்யா அதைக் கேட்டுவிட்டு, "மறைக்க வேணாம் அத்தை, தோள்மேல வர்ற மாதிரி கட்டுங்க" என்றாள். மணவறையில் அவள் தடுக்கவில்லை, விழவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்காரும்போது தோளில் அந்த இடத்தை ஒரு தரம் தொட்டு, கூட்டத்தில் அப்பாவைத் தேடிப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓமப் புகை என்று நினைத்து நீ ஐயரிடம் விசிறியைக் கேட்டாய்.

குட்டிகளில் ஒன்று டெய்லர் வீட்டுக்குப் போயிற்று. சாம்பல் நிறத்தது வாலாஜாபாத்தில் உன் மாமியார் மடியில் வளர்கிறது. அந்தச் செம்பட்டையும் தாயும் இங்கேதான். நீ கல்யாணத்துக்கு வந்தபோது, "பூனை எப்படிம்மா?" என்று கேட்டாய். தானா வந்துச்சு என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே.

உங்கள் புது வீட்டில் இன்னும் பாதிச் சாமான் பெட்டியிலேயே இருக்கிறது என்று சொன்னாய். மெதுவாக ஆகட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழுங்குபண்ணிவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்? ஆளுக்கொரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாதிப்பதற்கு இல்லை, சும்மா இரண்டு பேரும் ஒரு இடத்தில் உட்காருவதற்கு. மாவு பிசையலாம், ஜன்னலில் புதினா வளர்க்கலாம், எதையாவது தைக்கலாம். கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் உண்மை பேசும். எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லு, என்ன பிரச்சனை" என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் வராது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். எங்கே போயிருந்தார் என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை, அவரே சொன்னார். ரயில்வே ஸ்டேஷனுக்காம். சித்திரையில் பூனாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாராம், இரண்டு பேருக்கும். திருப்பதியைத் தாண்டாத மனுஷன்! "திரும்பி வர்றதுக்கு?" என்று கேட்டேன். "அதை கௌண்டர்லயும் கேட்டாங்க. எங்க மருமவளைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்கிறார்.

கவனித்தாயா, உன்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டுச் சொல்.

உன் அம்மா